பத்து லட்சத்தில் இருபத்தேழு பேர்

என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதால் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் நாக்கை நீட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற அவசரத்தில் மறித்து, வேட்டியை ஒதுக்கி முட்டியைக் காட்டுகிறார்கள். நான் வாங்கிய பட்டம் புள்ளியியலில் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அதனால என்னப்பா, ஒரு மாத்திரை எழுதிக் குடு" என்கிறார்கள். போதாக்குறைக்கு எனக்கு வைத்த பெயர் வைத்தியலிங்கம்.

நான் வைத்தியம் பார்ப்பவன் இல்லை. வைத்தியத்துக்கு உதவும் சோதனைகளுக்கு மார்க் போடுபவன். ஒரு கருவி, நோய் இருப்பவரை இருக்கிறது என்று பிடிக்கிறதா, இல்லாதவரை இல்லை என்று விடுகிறதா, எத்தனை தடவை மாற்றிச் சொல்கிறது, இதையெல்லாம் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மாநிலக் கருவி மதிப்பீட்டு மையம் என்று பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும். உள்ளே போனால் திருச்சியில் ஒரு மூன்றாவது மாடி, இரண்டு மேஜை, நான், ஜெசிந்தா. ஆனாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு கருவியும் வெளியே போக முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் மனைவி சுகன்யா வேறு அளவு சொல்வாள்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் ஊதுபெட்டிக்கும் கையெழுத்துப் போட்டேன்.

ஊதுபெட்டி என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் கணைய முன்னறிவான். அதைத் தொடங்கிவைத்தவர்களே ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. சோப்பு டப்பா அளவில் இருக்கும். குழாயில் ஊதினால் பச்சை விளக்கு எரியும், அல்லது சிவப்பு. கணையத்தில் வரும் புற்றுநோய் பொல்லாதது. வலி தெரிகிற நேரத்தில் எல்லாம் கைமீறிப் போயிருக்கும். இந்தப் பெட்டியோ மூச்சுக்காற்றை முகர்ந்து மூன்று வருஷம் முன்னதாகவே சொல்லிவிடும். சிவப்பு உறுதியானால் கணையத்தையே எடுத்துவிடலாம். பிறகு ஆயுள் முழுவதும் வயிற்றில் இன்சுலின் பட்டை ஒட்டிக்கொண்டு, எதைத் தின்றாலும் கணக்குப் பார்த்துத் தின்ன வேண்டும். சாவதற்கு அது தேவலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பெட்டிக்குள் இருக்கும் செயற்கை மூளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நோயின் ஆரம்பத்தில் இருக்கும் நானூறு பேரின் மூச்சையும், நோயில்லாத நானூறு பேரின் மூச்சையும் கொடுத்து, வித்தியாசத்தை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் வரிசையில் கிடைத்தார்கள். நோயில்லாதவர்களுக்கு எங்கே போவது? யோசனை சொன்னது நான்தான். நம் ஊரில் ஒரு நோயாளிக்குக் கூட மூன்று பேர் வருவார்கள். அவர்களையே ஊதச் சொன்னால் போயிற்று. அதே ஊர், அதே தண்ணீர், அதே குடும்பம். இதைவிடப் பொருத்தமான ஆட்கள் உலகத்தில் கிடைப்பார்களா என்று நான் எழுதிய அறிக்கையைப் பாராட்டி மூன்று நாட்டுக்காரர்கள் கடிதம் போட்டார்கள்.

நான் அசட்டையாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு என்றால் சாப்பாடு அதில் குழப்பம் பண்ணும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேள்வித்தாளில் அதற்கும் ஒரு கேள்வி இருந்தது. முதலில் "கடைசியாக உணவு உட்கொண்ட நேரம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கிராமத்து ஜனங்களிடம் இப்படியா கேட்பது என்று நான்தான் அதை அடித்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று அழகான தமிழில் மாற்றினேன். எண்ணூறு பேரும் "ஆச்சு" என்றார்கள். ஆக, சாப்பாட்டில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் கிடையாது என்று தீர்மானமாக எழுதினேன். பெட்டி தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியது.

அடுத்த வருஷம் ஊதுபெட்டி மாநிலம் முழுவதும் போனது. ரேஷன் கடை வாசலில், பஸ் டிப்போவில், பள்ளிக்கூடத்தில், எங்கே பார்த்தாலும் ஊதிக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு சிவப்பு வந்தது. சில மாவட்டங்களில் அப்பிக்கிடந்தது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் மண்ணைத் தோண்டப் போயின. இவ்வளவு நோயை இத்தனை காலம் யாரும் கண்டுபிடிக்கவில்லையே, நல்லவேளை நாம் வந்தோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்துக்கும் பெட்டி வந்தது. எனக்குப் பச்சை. ஜெசிந்தாவுக்குச் சிவப்பு.

ஜெசிந்தா என் எதிர்மேஜை. நான் சேகரிப்பதையெல்லாம் கணினியில் ஏற்றுபவள். மணப்பாறையிலிருந்து தினமும் வருவாள். கார்கள் ஆளில்லாமல் ஓடுகிற இந்தக் காலத்திலும் காலை ரயிலில் நிற்கத்தான் இடம். எட்டு வருஷமாக அவள் பையை வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்னம்மா, சாப்டாச்சா?" என்பதுதான். "ஆச்சு சார். நீங்க?" என்பாள். நானும் ஆச்சு என்பேன். நான் நல்ல மேலதிகாரி என்பதற்கு என் கைவசம் இருந்த முக்கியமான ஆதாரம் இது.

சிவப்பைப் பார்த்து அவள் முகம் செத்துப்போனது.

"பயப்படாதம்மா," என்றேன். "ஒரு தடவை சிவப்பு வந்தா ஒண்ணும் அர்த்தமில்ல. ஆயிரம் பேர் ஊதறாங்கன்னு வையி. அதுல நோய் இருக்கறது ஒருத்தருக்குத்தான். ஆனா பெட்டி நூத்துக்கு மூணு தடவை தப்பு பண்ணும். அப்ப நோயே இல்லாத முப்பது பேருக்குச் சிவப்பு வரும். முப்பத்தோரு சிவப்புல ஒண்ணுதான் நெசம்."

"அப்ப எனக்கு இருக்காதா சார்?"

"அதுக்குத்தான் மூணு வெவ்வேற நாள் ஊதச் சொல்லி விதி வச்சிருக்கேன். ஒரு நாள் தப்பா வரலாம். மூணு நாளும் தப்பா வருமா?"

மறுவாரமும் காலையில் வந்ததும் ஊதினாள். சிவப்பு. அதற்கடுத்த வாரமும் ஊதினாள். சிவப்பு.

நான் தாளை எடுத்து அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தாளை மென்று விழுங்கலாம் போலிருக்கிறது.

"பத்து லட்சம் பேரை எடுத்துக்கோ. அதுல ஆயிரம் பேருக்கு நோய். அவங்கள்ல தொள்ளாயிரம் பேராவது மூணு தடவையும் சிவப்பு வாங்குவாங்க. நோய் இல்லாம மூணு தடவையும் சிவப்பு வாங்கறது எத்தனை பேர் தெரியுமா? நூத்துக்கு மூணு, அதுல நூத்துக்கு மூணு, அதுல மறுபடி நூத்துக்கு மூணு. பத்து லட்சத்துல இருபத்தேழு பேர்." சொல்லிவிட்டு இருபத்தேழுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த இருபத்தேழுல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா சார்?"

"இருக்கலாம்மா. ஆனா அதை நம்பி உசுரை வைக்க முடியாதுல்ல."

"பையன் ஆறாவது படிக்கிறான் சார். பாப்பா மூணாவது." தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "சரி சார். நீங்க சொன்னா சரிதான். நீங்கதானே பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டீங்க. பண்ணிக்கிறேன்."

அப்படித்தான் ஜெசிந்தாவின் கணையத்தை எடுக்க நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு அவளைத் தைரியப்படுத்தலாம் என்று விடிந்ததும் கிளம்பினேன். சுகன்யா வங்கி வேலையாக முதல் நாளே சென்னை போயிருந்தாள். அவள் இருந்தால் கண் விழித்ததும் காபி வரும், குளித்துவிட்டு வந்தால் இட்லி வரும். இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று நான் ஆராய்ச்சி செய்ததில்லை. அன்று இரண்டும் வரவில்லை. பால் பாக்கெட்டை எந்தப் பக்கம் வெட்டுவது என்று யோசித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இப்போது யாராக இருந்தாலும் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் ஊதினேன். அங்கிருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல், "சார், அப்படிச் செத்த உக்காருங்க" என்றார்.

சிவப்பு.

ஒரு தடவை சிவப்பு வந்தால் அர்த்தமில்லை, முப்பத்தொன்றில் ஒன்றுதான் நிஜம். இதை நான் மேடைமேடையாகச் சொல்லியிருக்கிறேன், மருத்துவ மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அதில் ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. இடுப்புக்கு மேல் ஏதோ வலிப்பதுபோல் இருந்தது. கணையம் இடது பக்கமா வலது பக்கமா என்பதுகூடச் சந்தேகமாக இருந்ததால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சுகன்யாவுக்குத் தெரியுமா என்று கவலைப்பட்டேன். அப்புறம்தான், பத்திரம் எங்கே என்று எனக்கே தெரியாது, அவளுக்குத்தான் தெரியும் என்று உறைத்தது.

எழுந்து நேராகக் கேண்டீனுக்குப் போனேன். சாகப்போகிறவனுக்குக் கொழுப்பு என்ன செய்துவிடும் என்று பொங்கல் வாங்கினேன், மேலே நெய் ஊற்றச் சொன்னேன், இரண்டு வடை, அப்புறம் இன்னொரு வடை, காபி. இத்தனை துக்கத்திலும் அது நன்றாக இறங்கியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து அந்த நர்ஸிடம் கெஞ்சினேன். "சிஸ்டர், இன்னொரு தடவை ஊதிப் பாக்கறேனே. ப்ளீஸ்."

பச்சை.

அவரைக் கட்டிக்கொள்ளாத குறைதான். இதோ, நான் சொன்னபடியே ஒரு தடவை தப்பு, மறு தடவை சரி, என் கணக்கு எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று புல்லரித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். வழியில் வெளிநோயாளிகள் வரிசை. சீட்டு வாங்குவதற்காக விடியற்காலையிலேயே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "நீங்க எடத்தை விட்டுராம உக்காந்திருங்க, நாங்க போயி டிபன் சாப்ட்டு வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கேண்டீன் பக்கம் போனாள். உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார்.

அவர் நோயாளி. போனவர்கள் கூட வந்தவர்கள்.

நான் வடை ஏப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பிறகு அவர் பக்கத்தில் குனிந்து கேட்டேன். "ஐயா, சாப்டாச்சா?"

"ஆச்சுங்க."

"என்ன சாப்டீங்க?"

இந்த இரண்டாவது கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. அவர் கொஞ்சம் சிரித்துக்கொண்டார். "ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி. காலைல முதல் பஸ்ஸுக்கு வந்தது. எந்திரிச்சுப் போனா எடம் போயிருமுங்க."

"அப்புறம் ஏன் ஆச்சுன்னீங்க?"

"என்னங்க பண்றது, நீங்க மருவாதையா கேக்குறீங்க. இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

பெட்டிக்குக் கணையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் கொடுத்த எண்ணூறு மூச்சில் நானூறு, காலையில் ஒன்றும் சாப்பிடாதவர்களின் மூச்சு. மற்ற நானூறு, கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் மூச்சு. வித்தியாசத்தைக் கண்டுபிடி என்றோம், அது ஒழுங்காகக் கண்டுபிடித்தது. அப்புறம் அந்த மூன்று நாள் விதி. ஒரு நாள் தப்புக்கும் மறுநாள் தப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றால்தானே நூற்றுக்கு மூன்றை மூன்று தடவை பெருக்கலாம்? காலையில் சாப்பிடாமல் வேலைக்கு வருகிறவள் இன்றைக்கும் சாப்பிடாமல்தான் வருவாள், அடுத்த வாரமும் அப்படித்தான். அவள் முன்னூறு தடவை ஊதினாலும் சிவப்புதான் வரும். இருபத்தேழாம்! அதற்கு இரண்டு கோடு வேறு.

ஐம்பது வயதுக்கு நான் அவ்வளவு வேகமாக மாடி ஏறியிருக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் பரணீதரன் அறைக்கு வெளியே நின்றிருந்தார். நிதானமானவர், கெட்டிக்காரர்.

"டாக்டர், ஆபரேஷனை நிறுத்துங்க. பெட்டி தப்பு."

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"பெட்டி சரின்னு சொன்னது யாரு சார்?"

"அதுவும் நான்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆபரேஷன் அன்னிக்குக் காலைல எல்லாரையும் கடைசியா ஒரு தடவை ஊதச் சொல்றோம் சார். இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூடப் பச்சை வந்ததில்ல. இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?" என்றார்.

"ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திட்டுக் காலைல ஊதச் சொன்னா வேற என்ன வரும்?"

"ஆபரேஷனுக்கு வெறும் வயிறாத்தானே இருக்கணும்."

"நீங்க வெட்டி எடுத்ததுல எதுலயாவது புற்றுநோய் இருந்துதா?"

"எப்படி இருக்கும்? மூணு வருஷம் முன்னாடியே எடுத்துடறோமே. அதுதானே பெட்டியோட பெருமை. உங்க அறிக்கையிலயே எழுதியிருக்கீங்க."

எழுதித்தான் இருந்தேன். எப்படித் திரும்பினாலும் நானே கட்டிய சுவரில் முட்டிக்கொண்டேன். நோய் இருந்தால் பெட்டி சரி. நோய் இல்லாவிட்டால் பெட்டி முன்னதாகவே கண்டுபிடித்துவிட்டது, அதனால் ரொம்பச் சரி.

"எழுத்துல குடுங்க சார். குழு கூடும்போது வைக்கிறேன்," என்றார் பரணீதரன்.

"எப்ப கூடும்?"

"அடுத்த மாசம்."

"ஜெசிந்தா ஆபரேஷன்?"

"இன்னும் அரை மணி நேரத்துல." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் மறுபடி கேண்டீனுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தவர், "இன்னொரு வடையா சார்?" என்றார். பொங்கலும் வடையும் பார்சல் வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். சூடு வயிற்றைச் சுட்டது.

ஜெசிந்தா பச்சைக் கவுனில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. பக்கத்தில் யாரும் இல்லை.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"கேண்டீனுக்குப் போயிருக்காரு சார்."

வேறு எங்கே போயிருக்கப் போகிறார். பார்சலைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். "சாப்பிடு."

"சார்! தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்காகத்தான் சொல்றேன். சாப்பிடு. கேள்வி கேக்காத. உனக்கு ஒரு நோயும் இல்ல. ஜெசிந்தா, நெஜத்தைச் சொல்லு. தினமும் காலைல சாப்ட்டுட்டுத்தான் வர்றியா?"

அவள் பொங்கலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க சார் நேரம் இருக்கு? நாலரைக்கு எந்திரிச்சு, மாமியாருக்குத் தனியா, புள்ளைங்களுக்குத் தனியா செஞ்சு வச்சுட்டு ரயிலப் புடிக்கணும். மத்தியானம் ஒரேயடியா சாப்ட்டுக்குவேன்."

"எட்டு வருஷமா தினமும் கேக்கறேனே, ஆச்சுன்னியேம்மா!"

"வேற என்ன சார் சொல்றது? இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்குத்தானே சங்கடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவள் எட்டு வருஷம் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை நம்பி அவள் வயிற்றைக் கிழிக்க நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "சாப்பிடும்மா, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னேன். அவள் முதல் வாய் பயந்துகொண்டே தின்றாள். அப்புறம் பசி பயத்தைப் பார்க்கவில்லை. வேகமாகத் தின்றாள்.

வடை பாதியில் இருக்கும்போது நர்ஸ் பார்த்துவிட்டு அலறினார். மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர் ஓடிவந்து, இலையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டவருக்கு மயக்கமருந்து கொடுக்கவே முடியாது, இன்றைக்கு இந்த ஆபரேஷன் கிடையாது என்று கோபமாகச் சொன்னார். அவ்வளவு இனிமையான கோபத்தை நான் கேட்டதில்லை. பரணீதரன் வந்து என்னைத் திட்டினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க டாக்டர். அவங்க வர்றதுக்குள்ள இவளை ஒரு தடவை ஊதச் சொல்லுங்க," என்றேன்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு ஊதினாள். பச்சை எரிந்தது. பரணீதரன் பெட்டியை வாங்கி உதறினார். இன்னொரு பெட்டி கொண்டுவரச் சொன்னார். அதிலும் பச்சை. அவர் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எத்தனை வயிற்றைத் திறந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

என் புது அறிக்கையை எடுத்துக்கொண்டு சென்னையில் திட்ட இயக்குநரைப் பார்த்தேன். மேகலா மேடம் கூர்மையானவர். இரண்டு பக்கம் படித்ததுமே புரிந்துகொண்டார்.

"அப்ப இந்தப் பெட்டி எதைத்தான் கண்டுபிடிக்குது?"

"பசியை மேடம். அதுல தப்பே பண்றதில்ல. நூத்துக்குத் தொண்ணூத்தேழு. உலகத்துலயே பசிக்கு இவ்வளவு நல்ல சோதனை கிடையாது."

அவர் எழுந்து சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் நின்றார். சிவப்பு அப்பிய மாவட்டங்கள், சிவப்பு அப்பிய தெருக்கள். இரண்டு குழுக்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த வரைபடம். அது என்ன வரைபடம் என்று இப்போது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"வைத்தியலிங்கம், புற்றுநோய்னா நிதி கேக்கலாம். பசின்னா பதில் சொல்லணும்."

"ஏற்கெனவே கணையத்தை எடுத்தவங்க இருக்காங்களே மேடம்?"

"அவங்க யாருக்கும் புற்றுநோய் வரலையே," என்றார். குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஆபரேஷன்களை ஓசையில்லாமல் நிறுத்தினார்கள். பெட்டியை நிறுத்தவில்லை. கையேட்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்: சோதனைக்கு முன் சாப்பிட்டுவிட்டு வரவும். அப்படியும் சிவப்பு வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஜனங்கள் ஆச்சு என்றுதானே சொல்வார்கள். சிவப்பு வந்த முகாம் அதிகாரியிடம் மேலிடம் விளக்கம் கேட்கத் தொடங்கியது. அதிகாரிகள் யோசித்து, முகாம் வாசலிலேயே அண்டா வைத்துப் பொங்கல் கொடுத்துவிட்டு, அப்புறம் ஊதச் சொன்னார்கள். எங்கும் பச்சை. ஒரு மருந்தும் கொடுக்காமல் ஒரு வருஷத்தில் நோயை ஒழித்த மாநிலம் என்று எங்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. எனக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். வாங்கிக்கொண்டேன், போட்டோவில் சிரித்தபடி இருக்கிறேன்.

கணையத்தை இழந்தவர்களில் ஒருவரை நேரில் தெரியும். எங்கள் தெருவில் இருக்கும் பஸ் டிரைவர் சவரிமுத்து. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வயிற்றுப் பட்டையைத் தடவிக்கொண்டே எழுந்து, "சார், உங்க பெட்டி இல்லன்னா எம் பொண்ணு கல்யாணத்தைப் பாத்திருக்க மாட்டேன்" என்று கும்பிட்டார். உட்காரச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "விடியக்காலம் முதல் வண்டி எடுப்பேன் சார். சாப்ட்டா தூக்கம் வரும்னு சாப்பிட மாட்டேன். அதுக்கா?" என்று கேட்டார். அதற்குத்தான் என்றேன். இப்போது அவர் கோர்ட்டுக்குப் போகிறார். என் மேலும் சேர்த்துத்தான் வழக்கு. நான் அவர் தரப்பில் சாட்சி. என் வக்கீலுக்கு இது இன்னும் புரியவில்லை.

ஜெசிந்தா இப்போது வந்ததும் டப்பாவைத் திறந்து மேஜையிலேயே சாப்பிடுகிறாள். வீட்டில் அவள் கணவர்தான் இட்லி ஊற்றுகிறாராம், கல்லாக இருக்கிறதாம். ஒரு நாள் வாயில் இட்லியோடு கேட்டாள்.

"சார், வீட்ல மேடம் காலைல சாப்டறாங்களா?"

"அவளுக்கென்னம்மா, பேங்க் மேனேஜர்."

"நானும் கவர்மென்ட் ஸ்டாஃப்தான் சார்," என்றாள்.

மறுநாள் காலை பெட்டியை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டேன். சுகன்யா காபியை வைத்தாள். நான்கு இட்லியும் சட்னியும் வைத்தாள். ஒரு கையால் தலை பின்னிக்கொண்டே வங்கிப் பையைத் தேடினாள்.

"நீ சாப்டியா?"

"ம், ஆச்சு."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பெட்டியை நீட்டினேன்.

"என்னங்க இது காலங்காத்தால? நேரமாச்சு."

"சும்மா ஒரு ஊது ஊதிட்டுப் போ."

ஊதினாள். சிவப்பு எரிந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ! என்னங்க, எனக்கா? கணையமா?"

"இல்ல," என்றேன். ஐம்பது வயதில், பெயருக்கு முன்னால் இருந்த டாக்டர் பட்டத்துக்கு ஏற்றபடி நான் செய்த முதல் நோய்க்கணிப்பு. "பசி."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்று கை எழுந்தது, பாதியில் நின்றது. ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்துதான்," என்றாள், சாதாரணமாக.

இருபத்துமூன்று வருஷம், வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து காலை என்று மனசுக்குள் பெருக்கத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டு, எழுந்து போய் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி எடுத்துவந்து போட்டேன்.